கடலுயிர்ச் சாறுகளும் ஆண்மைபெருக்கிச் சோதனைகளும்: ஒரு விமர்சனப் பார்வை

கடல் அட்டை, கடற்குதிரை, சிப்பி, ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் அம்பர்கிரீஸ் ஆகியவை காம உணர்வைத் தூண்டும், ஆண்மையைப் பெருக்கும் என்ற நம்பிக்கை ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் நெடுங்காலமாக இருந்து வருகிறது. கடந்த சில பத்தாண்டுகளில் இந்த நம்பிக்கை ஆய்வுக்கூடத்துக்குள் வந்திருக்கிறது. கடலுயிரைக் காயவைத்துப் பொடித்து, எத்தனால் அல்லது மெத்தனால் போன்ற கரைப்பானில் ஊறவைத்துச் சாறு எடுத்து, அதை எலிகளுக்குக் கொடுத்து, அவற்றின் புணர்ச்சி நடத்தையைக் கணக்கிடுகிறார்கள். எண்ணிக்கை கூடினால் 'இயற்கை ஆண்மைபெருக்கி' என்ற முடிவு எழுதப்படுகிறது.

மரபு நம்பிக்கையைச் சோதித்துப் பார்ப்பது அறிவியலுக்கு ஏற்ற செயலே. ஆனால் சோதனை எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இவ்வகைச் சோதனைகள் பலவற்றில், மருந்தை வாங்குபவர் அறிய விரும்பும் விடை கிடைப்பதில்லை. விற்பவருக்கு வேண்டிய ஒரு வரி மட்டும் கிடைத்துவிடுகிறது. அந்த வரியின் விலையை நோயாளியும் கடலும் செலுத்துகின்றன. இதை இக்கட்டுரை சில உண்மை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது.

நம்பிக்கையின் தோற்றம்

ஒரு பொருளின் வடிவமோ குணமோ அதன் மருத்துவப் பயனைக் காட்டும் என்ற எண்ணம் பல பண்பாடுகளில் உண்டு. கடல் அட்டையைத் தொட்டால் அதன் உடல் சுருங்கி விறைக்கிறது. அதன் தோலிலுள்ள கொலாஜன் திசு, நரம்புகளின் கட்டளைப்படி இறுகவும் தளரவும் கூடியது. சில இனங்கள் தற்காப்புக்காக வெண்ணிற ஒட்டும் இழைகளைப் பீய்ச்சுகின்றன. இவற்றைக் கண்டவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது எளிது. சீன மொழியில் கடல் அட்டைக்கு வழங்கும் 'ஹைஷென்' என்ற பெயருக்குக் 'கடல் ஜின்செங்' என்பது பொருள். கடற்குதிரையில் ஆணே கருவைப் பையில் சுமந்து குஞ்சுகளை வெளியேற்றுகிறது. அந்த வியப்பும் உலர்ந்த கடற்குதிரையை ஆண்மைக் குறைவுக்கான சீன மருந்துப் பட்டியலில் சேர்க்கத் துணைசெய்திருக்கலாம்.

நம்பிக்கை எப்படித் தோன்றியது என்பது அது பொய் என்பதற்குச் சான்றாகாது. நெடுநாள் வழக்கில் இருக்கிறது என்பது அது மெய் என்பதற்கும் சான்றாகாது. எனவேதான் சோதனை தேவைப்படுகிறது. சோதனையின் தரம் முதன்மை பெறுவதும் இதனால்தான்.

மூன்று வேறு கேள்விகள்

'ஆண்மை' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனிச் செயல்கள் அடங்கியுள்ளன. முதலாவது வேட்கை. இது மூளை, ஹார்மோன், மனநிலை, உறவு ஆகியவற்றைச் சார்ந்தது. இரண்டாவது விறைப்பு. இது முதன்மையாக இரத்தக் குழாய்களும் நரம்புகளும் சேர்ந்து நிகழ்த்துவது. மூன்றாவது கருவளம். இது விந்தணுக்களின் எண்ணிக்கையையும் இயக்கத்தையும் பொறுத்தது. ஒன்றில் குறையுள்ளவர் மற்ற இரண்டில் நலமாக இருக்கலாம்.

சில்டெனாஃபில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நெஞ்சுவலிக்கான மருந்தாக ஆராயப்பட்ட இந்தப் பொருள், 1998 மார்ச்சில் அமெரிக்காவில் விறைப்புக் குறைபாட்டுக்கான மருந்தாக ஒப்புதல் பெற்றது. இது வேட்கையை உண்டாக்குவதில்லை. பாலியல் தூண்டல் ஏற்கெனவே இருக்கும்போது, இரத்தக் குழாய்கள் விரிந்திருக்க உதவும் வேதிப்பொருள் விரைவில் சிதையாமல் தடுக்கிறது. விந்தணு எண்ணிக்கையைக் கூட்டுவதும் இதன் வேலையன்று. ஆனால் கடலுயிர்ச் சாறு பற்றிய கட்டுரைகளில், எலியின் வேட்கை நடத்தை, இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவு, விந்தணு எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒரே தலைப்பின் கீழ் வரக் காணலாம். ஏதேனும் ஒன்றில் மாற்றம் தெரிந்தால் முழுச் சொல்லுக்கும் சான்று கிடைத்துவிட்டதாக எழுதப்படுகிறது. படிப்பவர் முதலில் கேட்க வேண்டியது, இந்தச் சாறு மூன்றில் எதற்காகச் சோதிக்கப்பட்டது என்பதே.

எலிக் கூண்டில் அளக்கப்படுவது

வழக்கமான முறை இதுதான். பெண் எலிகளுக்கு எஸ்ட்ராடயால், புரோஜெஸ்டிரோன் ஊசிகள் போட்டு அவற்றைப் புணர்ச்சிக்கு இணங்கும் நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். சாறு கொடுக்கப்பட்ட ஆண் எலியை அதனுடன் கூண்டில் விட்டு, மங்கிய வெளிச்சத்தில் கவனிக்கிறார்கள். ஆண் எத்தனை முறை ஏறுகிறது, முதல் முறை ஏற எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை முறை புணர்கிறது, விந்து வெளிப்பட எத்தனை நிமிடம் ஆகிறது, மறுமுறை தொடங்க எவ்வளவு இடைவெளி எடுக்கிறது என்பவை குறிக்கப்படுகின்றன.

இவை பயனற்ற அளவுகள் அல்ல. மூளையிலும் ஹார்மோன்களிலும் ஏற்படும் மாற்றங்களை அறிய இவை உதவியுள்ளன. சிக்கல், இவற்றை மனிதனின் குறைபாட்டுக்கு நேராகப் பொருத்தும்போதுதான் எழுகிறது. எலியின் குறியில் எலும்பு உண்டு, மனிதனுக்கு இல்லை. ஆண் எலி ஒரு தடவை விந்து வெளிப்படுத்துவதற்கு முன் பல முறை புணர்கிறது. எனவே அந்த எண்ணிக்கைக்கு மனிதரில் நேரான இணை கிடையாது. புதிய பெண் எலியைக் கூண்டில் விட்டாலே, சோர்ந்துபோன ஆண் மீண்டும் கிளர்ச்சியடைகிறது. எலியைக் கையாளும் விதம், ஒலி, வெளிச்சம், முன்னனுபவம் ஆகியவையும் எண்ணிக்கையை மாற்றும். ஆகவே எந்த எலிக்குச் சாறு கொடுக்கப்பட்டது என்பது கணக்கெடுப்பவருக்குத் தெரியாமல் இருப்பது இன்றியமையாதது. அப்படி மறைத்துச் செய்யப்பட்டதா என்பதைச் சொல்லாத கட்டுரையை ஐயத்துடனேயே படிக்க வேண்டும்.

சோதிக்கப்படும் எலிகள் பெரும்பாலும் இளமையும் நலமும் உள்ளவை என்பதையும் கருத வேண்டும். மனிதரில் மருந்து தேடுபவரோ நடுவயதைக் கடந்தவராகவும், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவற்றில் ஒன்றேனும் உள்ளவராகவும் இருப்பது இயல்பு. நலமான எலியின் வேகம் கூடுவது, நோயுற்ற மனிதனின் இரத்தக் குழாய் சீராவதற்குச் சான்றாகாது.

1995-இல் சவுதி அரேபிய ஆய்வாளர்கள், அம்பர்கிரீஸின் முதன்மைக் கூறான ஆம்ப்ரீன் ஆண் எலிகளின் புணர்ச்சி நடத்தையைத் தூண்டியதாக ஒரு கட்டுரை வெளியிட்டனர். தனித்துப் பிரிக்கப்பட்ட ஒரு பொருளைச் சோதித்தது, கலவைச் சாறுகளைச் சோதிப்பதைவிட மேலானது. ஆயினும் அது எலிகளில் கண்ட முடிவு. இன்று அம்பர்கிரீஸ் விற்பனை பற்றிய பேச்சில் அந்த வரையறை காணாமல் போய்விடுகிறது. மனிதருக்கே நிறுவப்பட்டதுபோல் பேசப்படுகிறது.

எண்ணிக்கையில் ஒளிந்துள்ள பொறி

மாணவர்கள் எளிதில் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கு உண்டு. ஓர் ஆய்வில் ஏழு வகை அளவுகள் எடுக்கப்படுகின்றன. சாறு மூன்று அளவுகளில் கொடுக்கப்படுகிறது என்று கொள்வோம். ஒப்பீட்டுக் குழுவுடன் மொத்தம் 21 ஒப்பீடுகள். புள்ளியியலில் வழக்கமான வரம்பு 5 விழுக்காடு. அதாவது, சாறுக்கு எந்த விளைவும் இல்லாவிட்டாலும் நூற்றில் ஐந்து ஒப்பீடுகள் தற்செயலாக 'குறிப்பிடத்தக்க வேறுபாடு' காட்டும். ஒப்பீடுகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், இருபத்தொன்றில் குறைந்தது ஒன்றாவது பொய்யாக வெற்றி காட்டுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 66 விழுக்காடு. இதைத் திருத்தும் புள்ளியியல் முறைகள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தாமல், ஒரு குழுவுக்கு ஆறு எலிகளை மட்டும் வைத்து நடத்திய சோதனையில் ஏதோ ஓர் அளவில் வேறுபாடு வந்தது என்பது வியப்புக்குரிய செய்தியன்று.

மருந்தளவும் இதைப் போன்றதே. எலிக்குக் கொடுத்த அளவை மனிதருக்கு மாற்ற, உடற்பரப்பை அடிப்படையாகக் கொண்டு, ஒரு கிலோ எடைக்கான மில்லிகிராம் அளவை 6.2-ஆல் வகுப்பது வழக்கம். எலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் சாறு கொடுக்கப்பட்டதாகக் கொள்வோம். 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 3.9 கிராம் சாறு. காய்ந்த கடல் அட்டையிலிருந்து 5 விழுக்காடு சாறு கிடைக்கும் என்றும், உயிருள்ள அட்டையைக் காயவைத்தால் எடையில் 5 விழுக்காடு எஞ்சும் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு நாள் மருந்துக்கு ஏறத்தாழ 77 கிராம் காய்ந்த அட்டையும், அதற்காக ஒன்றரைக் கிலோ உயிருள்ள அட்டையும் தேவைப்படும். ஒரு மாதத்துக்கு 46 கிலோ. கணக்கில் எடுத்த விழுக்காடுகள் இனத்துக்கு இனம் மாறலாம். இருந்தாலும் விளங்க வேண்டியது விளங்கும். கடைகளில் விற்கும் ஒரு சிட்டிகைப் பொடியும் எலிக்குக் கொடுத்த சாறும் ஒன்றல்ல.

'ஸ்டீராய்டு உள்ளது' என்ற வாக்கியம்

கடல் அட்டை பற்றிய எழுத்துகளில் அடிக்கடி வரும் வாதம் ஒன்று உண்டு. சாற்றில் ஸ்டீராய்டு இருப்பது கண்டறியப்பட்டது. டெஸ்டோஸ்டிரோனும் ஒரு ஸ்டீராய்டு. எனவே இது இயற்கையான ஆண் ஹார்மோன் என்பதே அது. இந்தக் கண்டுபிடிப்புக்கு வழக்கமாகப் பயன்படுவது லீபர்மன்-புர்க்கார்டு நிறச் சோதனை. சாற்றுடன் அசெட்டிக் அன்ஹைட்ரைடும் கந்தக அமிலமும் சேர்த்தால் பச்சை நிறம் தோன்றும். இது கொலஸ்டிராலைக் கண்டறியவும் பயன்படும் சோதனை. விலங்கு உடல்களில் கொலஸ்டிராலோ அதையொத்த ஸ்டெராலோ இருப்பது பொதுவானது. கோழிமுட்டையின் மஞ்சள் கருவும் இதே விடையைத் தரும். பச்சை நிறத்திலிருந்து ஆண் ஹார்மோனுக்குத் தாவ வழியில்லை.

உண்மையிலேயே டெஸ்டோஸ்டிரோன் இருந்தாலும் ஒரு தடை உள்ளது. வாய்வழி உட்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோனின் பெரும்பகுதியை, அது உடலில் பரவும் முன்பே கல்லீரல் சிதைத்துவிடுகிறது. மருத்துவர்கள் அதை ஊசியாகவோ களிம்பாகவோ, தனி முறையில் மாற்றியமைத்த மாத்திரையாகவோ கொடுப்பது இதனால்தான். கடல் அட்டையில் நிறைந்திருக்கும் சப்போனின்கள் மீன்களுக்கு நஞ்சாகக்கூடியவை என்பதும், அச்சாற்றைப் 'பக்கவிளைவு அற்றது' என்று எழுதுவோர் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி.

சிப்பியின் கதை

ஓர் ஆய்வுக் குறிப்பு எப்படிச் செய்தித் தலைப்பாக மாறுகிறது என்பதற்கு 2005-ஆம் ஆண்டு நிகழ்வு தெளிவான சான்று. அந்த ஆண்டு மார்ச்சில் சான் டியாகோவில் நடந்த அமெரிக்க வேதியியல் சங்கத்தின் கூட்டத்தில், அமெரிக்க, இத்தாலிய ஆய்வாளர்கள் அடங்கிய குழு ஒன்று, சில இருவோட்டுச் சிப்பிகளில் டி-அஸ்பார்ட்டிக் அமிலம் இருப்பதாகத் தெரிவித்தது. இந்த அமினோ அமிலத்தை எலிகளுக்கு ஊசிவழி செலுத்தியபோது பாலின ஹார்மோன்கள் கூடியது முன்பே அறியப்பட்டிருந்தது. இரண்டையும் இணைத்து, சிப்பி உண்பதற்கும் காமத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. எவருக்கும் சிப்பி கொடுத்துச் சோதிக்கவில்லை. ஆனால் ஆயிஸ்டர் சிப்பி காமத்தைத் தூண்டுவது அறிவியலால் உறுதியானது என்ற பொருளில் செய்திகள் பரவின.

பின்னர் நடந்தவை அவ்வளவு பேசப்படவில்லை. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், 23 ஆண்கள் 12 நாட்கள் நாளுக்கு ஏறத்தாழ 3 கிராம் டி-அஸ்பார்ட்டிக் அமிலம் உட்கொண்டபோது டெஸ்டோஸ்டிரோன் 42 விழுக்காடு உயர்ந்ததாகக் கண்டனர். உடற்பயிற்சித் துணைப்பொருள் வணிகம் இதைப் பற்றிக்கொண்டது. 2013-இல், எடைப்பயிற்சி செய்யும் ஆண்களுக்கு 28 நாட்கள் 3 கிராம் கொடுத்த ஆய்வில் ஹார்மோனில் மாற்றம் இல்லை. 2015-இல் மற்றோர் ஆய்வில் 6 கிராம் உட்கொண்ட பயிற்சியாளர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது. முதல் ஆய்வை வேறொரு குழு திரும்பச் செய்து பார்ப்பது ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. மேலும், இவை அனைத்தும் அந்த அமிலத்தைக் கொண்டு செய்தவை. ஹார்மோன் அளவை அளந்தவை.

சிப்பிக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய உறுதியான செய்தி ஒன்று உண்டு. ஆயிஸ்டரில் துத்தநாகச் சத்து மிக அதிகம். கடுமையான துத்தநாகக் குறைபாடு பருவ வளர்ச்சியையும் விரைகளின் செயலையும் பாதிக்கும் என்பதை, இந்தியாவில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத் 1960-களில் ஈரானிலும் எகிப்திலும் செய்த ஆய்வுகள் காட்டின. எனவே குறைபாடு உள்ளவருக்குச் சிப்பி நல்ல உணவு. குறைபாடு இல்லாதவருக்கு மேலும் துத்தநாகம் கொடுத்தால் ஆண்மை பெருகும் என்று அந்த ஆய்வுகள் சொல்லவில்லை.

மருந்துப்போலியைத் தாண்டுதல்

'நான் சாப்பிட்டேன், பலன் தெரிந்தது' என்று சொல்பவர் பொய் சொல்கிறார் என்று கொள்ள வேண்டியதில்லை. 1998-இல் வெளியான சில்டெனாஃபில் ஆய்வு ஒன்றில், மருந்து உட்கொண்டவர்களின் புணர்ச்சி முயற்சிகளில் 69 விழுக்காடு வெற்றி பெற்றன. மருந்தற்ற போலி மாத்திரை உட்கொண்டவர்களுக்கு 22 விழுக்காடு வெற்றி பெற்றன. அவர்கள் அனைவரும் விறைப்புக் குறைபாடு உள்ளவர்கள். ஒன்றுமில்லாத மாத்திரையுடனும் ஐந்தில் ஒரு முயற்சிக்கு மேல் கைகூடியது. அக்குறைபாடு நாளுக்கு நாள் ஏறி இறங்குவதும், நம்பிக்கை அச்சத்தைக் குறைப்பதும் இதற்குக் காரணங்களாகலாம். எனவே ஒரு கடலுயிர்ச் சாறு பயனுள்ளது என்று சொல்ல, அது இந்த 22 விழுக்காட்டைப் போன்ற ஒரு மட்டத்தைத் தெளிவாகத் தாண்டிக் காட்ட வேண்டும். அதற்கு, யார் மருந்து பெற்றார், யார் போலி பெற்றார் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி மனிதரில் ஆய்வு நடக்க வேண்டும். 1997 முதல் இதற்கென 15 கேள்விகள் கொண்ட தரமான வினாத்தாள் பன்னாட்டளவில் பயன்பாட்டில் உள்ளது. கருவி இல்லை என்று சொல்ல முடியாது.

'இயற்கை' என்ற முத்திரை

அமெரிக்க உணவு மருந்துக் கழகம் 1989-இல் வெளியிட்ட விதி, மருத்துவர் சீட்டின்றி விற்கப்படும் ஆண்மைபெருக்கிகள் எவையும் பாதுகாப்பும் பயனும் உள்ளவையாக ஏற்கப்பட்டவை அல்ல என்று அறிவித்தது. இந்தியாவில் 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், பாலின்பத் திறனைக் காக்கவோ கூட்டவோ செய்வதாகக் கூறும் மருந்து விளம்பரங்களைத் தடைசெய்கிறது. ஆயினும் பேருந்து நிலையச் சுவர்களிலும் கைப்பேசித் திரைகளிலும் அவை குறையவில்லை.

இப்பொருள்களில் சில உண்மையிலேயே வேலை செய்கின்றன என்பதுதான் அச்சத்துக்குரியது. 2007 முதல் 2016 வரை, அமெரிக்க உணவு மருந்துக் கழகம் மறைமுக மருந்துக் கலப்பு இருப்பதாக எச்சரித்த 776 உணவுத் துணைப்பொருள்களைத் தொகுத்து 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றுள் 353 பாலியல் ஊக்கத்துக்காக விற்கப்பட்டவை. அவற்றில் அதிகமாகக் கலக்கப்பட்டிருந்தது சில்டெனாஃபில். நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மாத்திரை உட்கொள்பவர் இதை அறியாமல் உண்டால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். 'இயற்கை' என்ற சொல்லை நம்பியவரே இங்கே அதிக ஆபத்துக்கு உள்ளாகிறார்.

மற்றொரு இழப்பு அமைதியாக நேர்கிறது. குறியின் இரத்தக் குழாய்கள் இதயக் குழாய்களைவிடச் சிறியவை. அதனால் இரத்தக் குழாய் நோய் முதலில் விறைப்புக் குறைபாடாக வெளிப்பட்டு, சில ஆண்டுகள் கழித்து இதயத்தில் தெரியலாம். கூச்சத்தால் மருத்துவரிடம் போகாமல் பொடி வாங்கித் தின்பவர், தம் நீரிழிவையோ இதய நோயையோ முன்கூட்டியே அறியும் வாய்ப்பை இழக்கிறார்.

கடல் செலுத்தும் விலை

மன்னார் வளைகுடா, பாக் நீரிணைக் கரைகளில் கடல் அட்டை பதப்படுத்தும் தொழில் நெடுங்காலம் நடந்தது. அட்டையை வேகவைத்து, மணலில் புதைத்து, மேல்தோலின் சுண்ணாம்புப் படிவை நீக்கி, மீண்டும் வேகவைத்து வெயிலில் காயவைப்பார்கள். அதன் சந்தை கிழக்காசியா. அங்கே அது முதன்மையாக விருந்துணவு. ஆண்மைபெருக்கி என்ற பெயர் அதன் மதிப்பைக் கூட்டும் காரணங்களுள் ஒன்று. 1982-இல் இந்திய அரசு 75 மில்லிமீட்டருக்குக் குறைந்த பதப்படுத்திய அட்டையை ஏற்றுமதி செய்யத் தடைவிதித்தது. 2001-இல் எல்லாக் கடல் அட்டை இனங்களும், கடற்குதிரைகளும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடற்குதிரை வணிகம் 2004 முதல் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. வெள்ளை அட்டை எனப்படும் ஹோலோத்தூரியா ஸ்காப்ரா, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அருகிவரும் இனமாக உள்ளது.

கடல் அட்டை கடலடி மணலையும் சேற்றையும் விழுங்கி, அதிலுள்ள கரிமப்பொருளைச் செரித்து, மணலைத் திரும்ப வெளியேற்றுகிறது. கடலடியைக் கிளறிச் சத்துகளைச் சுழலச் செய்யும் உயிர் இது. ஆணும் பெண்ணும் தம் இனப்பெருக்க அணுக்களை நீரில் விடுகின்றன. அட்டைகள் நெருக்கமாக இல்லாவிட்டால் அவை சந்திப்பதில்லை. ஆகவே ஓர் எல்லைக்குக் கீழ் குறைந்த கூட்டம், பிடிப்பை நிறுத்திய பின்னும் எளிதில் மீள்வதில்லை.

இழப்பு மீனவருக்கும் உண்டு. இராமநாதபுரம் கரையில் இத்தொழிலை நம்பியிருந்தோர் தடையால் வருவாயை இழந்தனர். தடையை நீக்கக் கோரும் குரல் இன்றும் கேட்கிறது. பாக் நீரிணையின் மறுகரையில் இலங்கையில் உரிமம் பெற்று அட்டை பிடிக்கலாம். வடமாகாணத்தில் பண்ணைகளும் உள்ளன. ஒரே கடலில் இருவேறு சட்டங்கள் இருப்பதால் கடத்தல் நடக்கிறது. பிடிபடுபவர் பெரும்பாலும் படகில் இருப்பவர். விலையை நிர்ணயிப்பவர் தொலைவில் இருக்கிறார். தரமற்ற ஓர் ஆய்வுக்கட்டுரை இந்தச் சந்தைக்கு 'அறிவியல் சான்று' வழங்கும்போது, அது ஆய்விதழின் பக்கங்களோடு நின்றுவிடுவதில்லை.

நேர்வழி எது

கடலிலிருந்து மருந்து வராது என்பதன்று இக்கட்டுரையின் கருத்து. கூம்பு நத்தையின் நஞ்சிலிருந்து அறியப்பட்ட சிக்கோனோடைடு, கடும் வலிக்கான மருந்தாக 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது பின்பற்றிய பாதையைப் பாருங்கள். நத்தையின் நஞ்சிலிருந்து 25 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே மூலக்கூறு பிரிக்கப்பட்டது. அது நரம்பு உயிரணுவில் எந்தக் கால்சியம் வழியை அடைக்கிறது என்பது கண்டறியப்பட்டது. பிறகு ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்டு, மனிதரில் சோதிக்கப்பட்டது. இன்று அந்த மருந்துக்காக நத்தைகளைப் பிடிக்க வேண்டியதில்லை. உயிரினத்திடமிருந்து அறிவைப் பெற்றுக்கொண்டு உயிரினத்தை விட்டுவிடுவது இப்பாதையின் சிறப்பு. கடலுயிர் ஆண்மைபெருக்கி ஆய்வுகளில் பல முதற்படியான கலவைச் சாற்றிலேயே நின்றுவிடுகின்றன. பரிந்துரை மட்டும் கடைசிப் படிக்குத் தாவுகிறது.

கடல் அட்டைக்கு வேறொரு வழியும் உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1988-இல் தூத்துக்குடியில் வெள்ளை அட்டையின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கிக் காட்டியது. ஆய்வுக்குத் தேவையான அட்டையை வளர்ப்பிலிருந்து பெற முடியும். எந்த இனம், எங்கிருந்து பெறப்பட்டது, அதற்கான அனுமதி என்ன என்பதை எழுதாத கட்டுரையை ஏற்க வேண்டிய கட்டாயம் ஆய்விதழ்களுக்கு இல்லை.

படிப்பவர் கேட்க வேண்டியவை

இத்தகைய கட்டுரையையோ செய்தியையோ படிக்கும் மாணவர் ஆறு கேள்விகளைக் கைவசம் வைத்திருக்கலாம். அளக்கப்பட்டது வேட்கையா, விறைப்பா, கருவளமா? சோதிக்கப்பட்டது எலியா, மனிதரா? சாற்றில் வேலை செய்யும் பொருள் எது என்று பிரித்துக் காட்டினார்களா? கணக்கெடுத்தவருக்கு எந்தக் குழு எது என்பது மறைக்கப்பட்டதா? ஒப்பீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் புள்ளியியல் திருத்தம் செய்தார்களா? வேறொரு குழு அதே சோதனையைச் செய்து அதே முடிவைக் கண்டதா?

இந்த ஆறுக்கும் விடை தரும் ஆய்வு ஒன்று நாளை கடல் அட்டைக்கோ சிப்பிக்கோ ஆதரவாக வந்தால், அதை ஏற்றுக்கொள்வதில் தயக்கம் தேவையில்லை. அதுவரை, விறைப்புக் குறைபாடு உள்ளவர் செய்யத்தக்கது இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொண்டு மருத்துவரிடம் பேசுவது. ஆய்வாளர் செய்யத்தக்கது, எலியில் கண்டதை எலியில் கண்டதாகவே எழுதுவது.